பன்னிரண்டு பாகம் ஆழம்

“டீச்சர், ஜெட்டி விளக்குக் கம்பத்தத் தெக்கால மாத்தி நட்டாச்சு. இனி படகு ஏறையில உங்களுக்குக் கால் தடுக்காது.”

“இதச் சொல்லவா கூப்பிட்டீங்க?”

“இல்ல... ஒண்ணு கேக்கணும். இன்னொரு நாள் கேக்குறேன்.”

மெக்கானிக் சிவஞானம் அன்று அப்படித்தான் நழுவினான். மூன்று வாரம் கழித்து, 1969 பிப்ரவரி 12, காலை ஒன்பது மணி. அந்தமானின் லாங் ஐலண்ட் போலீஸ் அவுட்போஸ்ட்டில் அவன் தலைகுனிந்து நின்றதைக் கண்டதும் கணக்கு டீச்சர் மங்கையர்க்கரசிக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது.

மீனவர் சங்கத்தின் புதுப் படகு இன்ஜினைக் காணவில்லை.

ஒரு மாதம் போர்ட்பிளேயரில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமைதான் திரும்பிய மீனவன் பிரகாசம் சத்தமாகச் சொன்னான்: “நேத்து சாயங்காலம் நாலு மணி. தனியாத்தான் போனேன். இவன் நட்ட சரியா முடுக்கல. இன்ஜின் கழண்டு கடல்ல விழுந்துட்டு!”

“எந்த இடம்? பக்காவா சொல்லு” என்றார் ஏட்டு லூர்துநாதன்.

“மாதா கோயில் சிலுவைக்கு நேரா கரைப்பாறை. மில் புகைபோக்கிக்கு நேரா ஜெட்டி விளக்கு. பன்னிரண்டு பாகம் ஆழம்.”

கடலில் இடம் சொல்வது அப்படித்தான். கரையில் பார்த்து இரண்டு கோடு. அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் இடம். ஆழத்துக்குப் பாகக் கணக்கு; ஒரு பாகம் ஆறடி.

“அந்த ஆழத்துல எவன் முங்குறது?” என்றார் ஏட்டு. “சிவஞானம், வெள்ளிக்கிழமை கப்பல்ல உன்ன மெயின்லேண்டுக்கு அனுப்பச் சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க.”

சங்கம் கொடுத்த டிக்கெட் ஏற்கெனவே அவன் சட்டைப்பையில் இருந்தது.

மங்கையர்க்கரசி கட்டத்தாளை விரித்தாள். கோயில் பூஜ்யம். பாறை, கிழக்கே ஒரு கட்டம், வடக்கே ஒரு கட்டம். புகைபோக்கி, நேர் வடக்கே ஆறு. விளக்கு, கிழக்கே இரண்டு, வடக்கே நான்கு. முதல் கோட்டில் கிழக்கும் வடக்கும் சமம். இரண்டாவதில் இரண்டையும் கூட்டினால் ஆறு.

“அப்போ மூணுக்கு மூணு. அங்க என்ன இருக்கு, ஏட்டய்யா?”

“பவளப்பாறைத் திட்டு. நேத்து நாலு மணிக்குக் கடல் வத்தியிருந்துச்சே, முட்டியளவு தண்ணிதான். நண்டு பொறுக்கலாம்.”

“டீச்சர் கணக்கு தப்பு!” பிரகாசம் கத்தினான். “அது எங்கப்பன் காலத்து மீன் இடம். பன்னிரண்டு பாகம்!”

“உங்க கணக்கும் சரிதான், விளக்கு பழைய இடத்துல இருந்தவரைக்கும். அப்போ அது வடக்கே அஞ்சு. கிழக்கோட வடக்க ரெண்டு மடங்காக் கூட்டினா பன்னிரண்டு. கோடு நாலுக்கு நாலுல வெட்டும், ஆழமான இடம். ஆனா கம்பம் நகர்ந்து மூணு வாரமாச்சு. நேத்து அங்க நின்னிருந்தா, விளக்கு புகைபோக்கிக்கு நேரா தெரிஞ்சிருக்காது. நீங்க அங்க போகவே இல்ல; பழைய மனப்பாடத்த ஒப்பிச்சீங்க. ‘எங்கயோ விழுந்துச்சு’ன்னா தப்பிச்சிருப்பீங்க.”

“எங்கயோன்னு சொன்னா என்னைக் கடல்காரன்னு எவன் மதிப்பான்?” என்றான் பிரகாசம். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டான்.

பதினொன்றரைக்கு, அவன் கொட்டகையில் வலைக்குவியலுக்கு அடியிலிருந்து இன்ஜின் வெளியே வந்தது.

ஜெட்டியில் விளக்குக் கம்பத்தருகே மங்கையர்க்கரசி சொன்னாள்: “டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துடுங்க.”

சிவஞானம் அதை எடுத்துப் பார்த்தான். மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தான்.

“வேணாம் டீச்சர். அதே கப்பல்ல போறேன். திருநெல்வேலியில உங்கப்பாவப் பாத்து, உங்களப் பொண்ணு கேக்கட்டுமா?”