உள்ளே ஒருவரும் இல்லை

வெறும் டிரம்மை ஒரு முறை ஓட்டி முடித்த புதிய சலவை இயந்திரம், தேனொழுகும் பெண்குரலில், "உள்ளே ஒருவரும் இல்லை" என்று அறிவித்தது.

அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட அவளுக்குச் சோற்றில் கல் கடித்ததுபோல் இருந்தது.

"ஒன்றும் இல்லைன்னுதானே வரணும்? துணி அஃறிணை. எவன் எழுதிக் கொடுத்தான் இதை?"

இயந்திரத்தைப் பொருத்த வந்தவர், அதன் முதுகிலிருந்து கழற்றிய நீண்ட திருகுகளைப் பைக்குள் போட்டபடியே சிரித்தார். "துணிக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்தா உங்களுக்கு என்னக்கா நஷ்டம்?"

"அண்ணே, வசமா மாட்டிக்கிட்டீங்க!" என்று உள்ளறையிலிருந்து அவள் கணவரின் குரல் வந்தது. "எங்க கல்யாணப் பத்திரிகையையே திருத்தித் திருப்பி அனுப்பினவ அவ. அன்னையிலிருந்து எனக்கு அவ டீச்சர்தான். டீச்சர், பாவம், அவரை விட்டுடு!"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சிரைத்தது. பல நாள் காய்ச்சல் நேற்றுதான் இறங்கியிருந்தது. மறுபடியும் ஏறினால் இதயம் தாங்காது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் படுத்த விரிப்பையும் உடுத்த சட்டையையும் கிருமியறத் துவைக்கத்தான் இந்த இயந்திரத்தையே அவள் அவசரமாக வாங்கினாள்.

பொருத்துநர் குமிழைத் திருகிக் காட்டினார். "பச்சைத் தண்ணி சாயம் போற துணிக்கு. முப்பது டிகிரி, கம்பளிக்கு. நாற்பது, தினம் உடுத்துறதுக்கு. அறுபது, துண்டு, விரிப்புக்கு. தொண்ணூறு, சீக்காளி துணிக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. சூடு ஏறிட்டா கதவு திறக்காது. தண்ணி ஆறணும்."

அவர் போனதும் மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே வீட்டுக்குள் அந்தி இறங்கியது. விரிப்பு, தலையணை உறை, வியர்வை ஊறிய நீலச் சட்டை என்று ஒவ்வொன்றாக உள்ளே திணித்து, தூளைக் கொட்டி, குமிழைத் தொண்ணூறில் நிறுத்தினாள். கதவு கடக்கென்று பூட்டிக்கொண்டது.

"உள்ளே ஒருவர் இருக்கிறார்" என்றது குரல்.

இலக்கணப் பிழைதான், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆயினும், ஒருமையா பன்மையா என்றுகூடத் தெரியாத முட்டாள் இயந்திரம், மூன்று துணிகளை ஏன் ஒருவர் என்றது என்னும் கேள்வி, செருப்புக்குள் புகுந்த மணலாய் உறுத்திக்கொண்டே இருந்தது. டிரம் மெல்லப் புரண்டது. சுவருக்குள் குழாய் முனகியது. புது ரப்பரின் வாடையும் சவர்க்கார நெடியும் கலந்து கூடம்வரை பரவின. கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சட்டையின் கை ஒருமுறை மேலே வந்து, தயங்கி, பின் அமிழ்ந்தது.

திரையில் நாற்பது.

"டீச்சர், ஃபேனைப் போடேன். புழுங்குது."

"மழை பெய்யுதுங்க."

"எனக்கு வேகுதும்மா."

ஓடிப்போய் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. காதோரம் வழிந்த வியர்வையைத் துடைத்தாள். விரல் வழுக்கியது. நுரை. முகர்ந்து பார்த்தாள். சவர்க்காரம்.

"என்னமோ என்னைப் புரட்டிப் போடுது," என்றார் அவர். அவர் தலை தலையணையில் இடப்பக்கம் சரிந்தது. பிறகு வலப்பக்கம். மீண்டும் இடப்பக்கம். சலவையறையில் டிரம் புரளும் அதே தாளத்தில்.

அவள் ஓடினாள். திரையில் ஐம்பத்தைந்து. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். கதவு அசையவில்லை. கைப்பிடியை இழுத்தாள். குத்தினாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

டிரம் சுழன்றுகொண்டே இருந்தது.

"அவருக்கு இன்னும் சூடு வேண்டும்" என்றது குரல்.

உள்ளறையில் அலறல். அறுபது. எழுபது. இரு கைகளாலும் குமிழைப் பற்றிப் பச்சைத் தண்ணீருக்குத் திருகினாள். குழாய் அதிர்ந்தது. குளிர்ந்த நீர் பாய்ந்து இறங்கும் ஓசை.

அலறல் நின்றது.

"என்னங்க?"

மழைச் சத்தம் மட்டும்.

"என்னங்க, ஒரு வார்த்தை பேசுங்களேன்!"

"இப்ப பரவாயில்ல" என்றது அவருடைய குரல். நிதானமாக. மூச்சிரைப்பே இல்லாமல். அவளுக்கு உயிர் வந்தது. கதவுநிலையில் சாய்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்கு நடந்தாள்.

மெத்தையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் முதுகு நிமிர்ந்த ஓர் உருவம். வெகுநேரம் நீரில் ஊறிய விரல்நுனிபோல் முகம் முழுவதும் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஒரு மருவில்லை. ஒரு வடுவில்லை. கண்ணிலிருந்த கருமைகூட வெளுத்துப் போயிருந்தது.

முதுகுக்குப் பின்னால், சலவையறையில், கண்ணாடியை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"டீச்சர்." மூச்சிரைக்கும் குரல். தண்ணீர் புகுந்த குரல். "கதவைத் திற. டீச்சர்..."

"அவரை இனி வெளியே விட இயலாது" என்றது பெண்குரல்.

கட்டிலில் இருந்தது அவளைப் பார்த்துச் சிரித்தது. ஈரக் காலைத் தரையில் ஊன்றியது. அவளை நோக்கி வந்தது.