பந்து பிடிக்காத அப்பா

பழங்காநத்தத்துப் பரோட்டாக் கடையில் மலையாண்டி மாவு வீசினால், சாப்பிட வந்தவர்கள் இலையை மறந்துவிட்டு அவர் கையைத்தான் பார்ப்பார்கள். எலுமிச்சை அளவு மாவு உருண்டை நாலே வீச்சில் வேட்டி மாதிரி விரிந்துவிடும். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் பவதாரிணிக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஒரு மழைநாளில் வண்டி வழுக்கி மலையாண்டியின் வலது மணிக்கட்டு உடைந்துபோனது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் கை விறைத்துப் போயிருந்தது. விரல்களை மடக்கினால் பாதியிலேயே நின்றுவிட்டன.

கே.கே. நகரில் பிசியோதெரபி நிலையம் நடத்தும் சாருலதா, ஒரு பச்சை நிறப் பஞ்சுப் பந்தைக் கொடுத்தார்.

"இதை தினமும் மூணு வேளை அமுக்கி அமுக்கி விடணும் அண்ணே. சும்மா விட்டுட்டா கை இப்படியே இறுகிப்போயிரும். அப்புறம் வேலைக்குப் போறது கஷ்டம்."

"செஞ்சிருவோம் டாக்டரம்மா" என்றார் மலையாண்டி.

பவதாரிணி ஒரு அட்டையில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினாள். பயிற்சி செய்துவிட்டதாக அப்பா ஒவ்வொரு முறை சொன்னதும் ஒரு நட்சத்திரம் வரைவாள். மூன்றே நாளில் ஒன்பது நட்சத்திரங்கள்!

நான்காம் நாள் வீடு கூட்டும்போது டிவிக்குப் பின்னால் பந்து கிடைத்தது. அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"அப்பா! கவரே பிரிக்கல. எப்படிப்பா அமுக்குன?"

"அது வந்து... கவரோடதான் தாயி அமுக்குனேன்."

அடுப்படியிலிருந்து அம்மா கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள். "பொய்யைப் பாரு! எம்புட்டு சொன்னாலும் இந்த மனுசன் கேக்க மாட்டாரு."

அம்மா தினமும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். அதனால் கை மடங்கிவிடவில்லை. தானும் திட்டி என்ன ஆகப்போகிறது என்று பவதாரிணி யோசித்தாள். அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா உனக்கு இந்தப் பந்து பிடிக்கல? வலிக்குதா?"

மலையாண்டி பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிகூட இருக்கட்டும் தாயி. இருபது வருசமா மாவு பிசைஞ்ச கை இது. மாவை அமுக்குனா இளகும், இழுத்தா வரும், கைக்குப் பதில் சொல்லும். இந்தப் பந்தை நூறு தடவை அமுக்கு, அப்படியே இருக்கு. சலிச்சுப் போகுது."

அன்று சாயங்காலம் அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். "இன்னும் கொஞ்சம் தண்ணி தெளி. ஓரத்துல இருந்து அமுக்கு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பவதாரிணி அவர் வலது கையைப் பார்த்தாள். முழங்காலின் மேல் விரல்கள் தாமாகவே மெல்ல மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தன!

"அம்மா, எனக்கு ஒரு உருண்டை மாவு குடு. அப்பாவுக்கு வேணும்."

"நில்லு, நில்லு. டாக்டரம்மாகிட்ட கேக்காம எதுவும் செய்யக் கூடாது" என்றாள் அம்மா.

அதனால் மறுநாள் ஒரு டிபன் பாக்ஸ் நிறைய மைதா மாவு கே.கே. நகருக்குப் போனது. மூடியைத் திறந்த சாருலதா, "சாப்பிடக் கொண்டு வந்தியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, அமுக்கக் கொண்டு வந்தேன்" என்று பவதாரிணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்லா இருக்கே! அமுக்குங்க அண்ணே, பார்ப்போம்."

மலையாண்டி ஆசையோடு அழுத்தினார். "ஸ்ஸ்... ஆ!" என்று கையை உதறினார். பவதாரிணியின் முகம் வாடிப்போனது.

சாருலதா மாவைத் தொட்டுப் பார்த்தார். "இவர் கைக்கு இது ரொம்பக் கெட்டி. இன்னும் இளக்கமா வேணும்."

"தண்ணியும் எண்ணெயும் சேர்த்தா இளகிரும்க்கா!"

பக்கத்துக் கடையிலிருந்து எண்ணெய் வந்தது. பவதாரிணி மாவைத் தளர்த்திக் கொடுத்தாள். இந்த முறை மலையாண்டியின் விரல்கள் மாவுக்குள் மெல்ல இறங்கின. பிசைந்தார், உருட்டினார், கிள்ளினார்.

"இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் ஊத்து தாயி... ஆங், அப்படித்தான்!"

"போதும் அண்ணே, கால் மணி நேரம் ஆச்சு" என்றார் சாருலதா.

"அதுக்குள்ளயா?" என்றார் மலையாண்டி.

முதல் வாரம் இளகிய மாவு, அடுத்த வாரம் கொஞ்சம் கெட்டி, அதற்கும் அடுத்த வாரம் வீசிப் பழக ஈரத்துண்டு என்று சாருலதா புதிதாக எழுதிக் கொடுத்தார். பிறகு, அடுத்ததாகக் காத்திருந்த ஒச்சாயி என்ற அம்மாவிடம் திரும்பினார். அவருக்கும் விரல்கள் மடங்காமல்தான் இருந்தன.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"பூக் கட்டுறேன்."

"அப்ப நாளைக்கு நூலும் பூவும் கொண்டு வாங்க. அதை வச்சே பழகலாம்."

"இதை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் ஒச்சாயி. "நீங்க குடுத்த பந்தை வச்சு எங்க தெருவே கிரிக்கெட் ஆடுது!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாருலதாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

வீட்டில் பவதாரிணி தினமும் மாவை மாற்றி மாற்றிப் பிசைந்து கொடுத்தாள். நட்சத்திரம் வரைய அவள் மறந்தாலும் மலையாண்டி பயிற்சியை மறக்கவில்லை. ஈரத்துண்டு வீசப் பழகிய வாரத்தில் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடந்தாள்.

ஆறு வாரம் கழித்து, "இனி வேலைக்குப் போகலாம் அண்ணே. ஆனா கொஞ்சம் கொஞ்சமா" என்றார் சாருலதா.

அன்று சாயங்காலம் பவதாரிணியும் அம்மாவும் கடைக்குப் போனார்கள். மலையாண்டி ஒரு உருண்டையை எடுத்துத் தட்டினார். மூச்சை இழுத்துவிட்டு வீசினார். ஒன்று, இரண்டு, மூன்று. மாவு விரிந்தது. நான்காவது வீச்சில் நடுவே பெரிதாகக் கிழிந்தது.

மலையாண்டி அந்த ஓட்டை வழியாக மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பிறகு அதையே சுருட்டிக் கல்லில் போட்டார். அடுத்த உருண்டை கிழியவில்லை. அதற்கடுத்ததும் கிழியவில்லை.

"முதல் பரோட்டா எனக்கு!" என்று சாப்பிட வந்தவர்களில் இரண்டு பேர் கேட்டார்கள்.

பவதாரிணி விட்டுக்கொடுத்தால்தானே? சால்னாவை ஊற்றி, கடைசித் துண்டுவரை அவளே சாப்பிட்டு முடித்தாள்.