வேகமாக இழுத்தால்

மெதுவாக இழுத்தபோது சரியாக நின்ற உருளை, வேகமாக இழுத்தபோது நிற்கவில்லை.

வெர்னா சமையலறை மேசையிலிருந்து ரிவால்வரை மறுபடி எடுத்தாள். வெளியே வயோமிங் காற்று ஆட்டுப்பட்டியின் தகரத்தைப் பிய்த்தெறிவதுபோல் அறைந்துகொண்டிருந்தது. உள்ளே பீன்ஸ் கொதிக்கும் வாடை, அதற்கும் மேலே துப்பாக்கி எண்ணெயின் வாடை. உருளையின் ஆறு குண்டுத் துளையும் காலி. உருளையை முன்னும் பின்னும் அசைத்தாள். மயிரிழை ஆட்டம், பரவாயில்லை. பின்னாலிருந்த சுத்தியலைக் கட்டைவிரலால் மெதுவாக இழுத்தாள். நாலு சொடுக்கு. அடுத்த துளை குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொண்டது. பிறகு வெடுக்கென்று இழுத்தாள். நாலும் ஒரே சத்தமாகக் கேட்டன. உருளை ஒரு துளை தாண்டிப்போய் நின்றது.

உருளையைப் பூட்டும் கொக்கியின் ஸ்பிரிங் விரிசல் விட்டிருந்தது. துப்பாக்கி பழுதுபார்த்த அப்பாவிடம் பத்து வருடம் வேலை செய்தவளுக்கு இது கால்மணி நேர வேலை. புது ஸ்பிரிங் தகர டப்பாவில் கிடந்தது.

டப்பாவைப் பார்த்தாள். இடது கையில் கோணிப்போயிருந்த இரண்டு விரல்களைப் பார்த்தாள். போன குளிர்காலத்தில் புருஷன் கிளீட் கதவிடுக்கில் வைத்து அறைந்தது.

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் கிளீட்டுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒரே ஒரு குண்டு போடுவான், சுத்தியல் அடிக்கப்போகும் துளைக்கு அடுத்த துளையில். தன் பொட்டில் வைத்துச் சுத்தியலை இழுப்பான். உருளையின் இடப்பக்க இடுக்கில் இன்னும் முறை வராத குண்டின் பித்தளை விளிம்பு மினுங்கும், விசையை அழுத்தினால் சுத்தியல் காலித் துளையில் விழும், சிரிப்பான். தனியாக இருந்தால் மெதுவாக இழுப்பான். பார்க்க ஆள் இருந்தால் வேகம். இன்று அவள் தங்கை ட்ரூடி வந்திருக்கிறாள்.

டப்பாவை மூடினாள்.

"என்னடி, ஆட்டம் இருக்கா?" வாசலில் பூட்ஸ் மண்ணைத் தட்டியபடி கேட்டான் கிளீட்.

"இல்ல. கிண்ணுன்னு இருக்கு."

"கேட்டியா ட்ரூடி, உங்க அக்கா என்கிட்ட நல்லா இருக்குன்னு சொன்ன ஒரே சாமான் இதுதான்."

சாப்பிட்டார்கள். கிளீட் தட்டை வழித்து நக்கிவிட்டுக் குண்டைப் போட்டான். பொட்டுக்கு உயர்த்தினான். வெர்னா காத்திருந்தாள்.

இறக்கினான்.

"என் தலைல வெச்சு வெச்சு சலிச்சுப்போச்சு. ட்ரூடி, இப்படி வா. பயமா?"

"உன் மூஞ்சிக்கே பயப்படாதவ, இதுக்கா?" ட்ரூடி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"கிளீட், அவள விடு."

"ஏன்? நீதானே கிண்ணுன்னு இருக்குன்னே."

சொன்னால் தெரிந்துவிடும். ஏன் பொய் சொன்னாள், யாருக்காகச் சொன்னாள். மிச்ச விரல்கள். கதவிடுக்கு.

குழல் ட்ரூடியின் முடியை விலக்கியது.

"ஸ்பிரிங்..." என்றாள் வெர்னா.

நாலு சொடுக்கு. ஒரே சத்தம்.

இடப்பக்க இடுக்கைப் பார்த்தாள். பித்தளை இல்லை. குண்டு குழலுக்கு நேரே வந்திருந்தது.

கிளீட்டின் விரல் விசையில் வளைந்தது. ட்ரூடி கண்ணை மூடிக்கொண்டு, வாயில் மிச்சமிருந்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள்.