எதிர்ச்சுவர்

படகு நேராகப் போனது. அதுதான் லோர்னாவை உறுத்தியது.

கால்வாய்ச் சுரங்கத்தின் நடுவில் படகின் எஞ்சின் நின்று அரைமணி நேரமாகிவிட்டது. கைபேசியில் சிக்னல் இல்லை. அண்ணன் க்ளைவ் நெஞ்சைப் பிடித்தபடி படகின் அறைக்குள் சரிந்து கிடந்தான். அவனை வெளியே கொண்டுபோக ஒரே வழி, அந்தக் காலத்துப் படகோட்டிகள் செய்ததுதான்: முன்முனையில் குறுக்கே பலகை போட்டு, மல்லாந்து படுத்து, பக்கச் சுவரில் காலூன்றி நடப்பது. அதற்குப் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும். ஒருவரே மிதித்தால் படகு எதிர்ச்சுவரில் போய் முட்டும்.

"ஜிம்முல ஓடுற இல்ல? இங்க நட பாப்போம்," என்றிருந்தான் க்ளைவ், திணறலுக்கு நடுவே.

"வாய மூடிட்டு மூச்சு விடு."

முதலில் இரண்டு தடவை முட்டியது. எழுந்து, கழியால் தள்ளி நேராக்கிவிட்டு மறுபடி படுத்தாள். அதன்பின் முட்டவேயில்லை. நீரோட்டமாக இருக்கும் என்று நினைத்தாள். இந்தக் கால்வாயில் நீரோட்டம் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். பாசியும் பழைய கரிப்புகையும் கலந்த வாடை மூக்கில் ஏற, செங்கல்லில் கசிந்த நீர் முழங்கால் வழியாக வழிய, தன் ரப்பர் பூட்ஸ் ஈரச் சுவரில் ஒட்டிப் பிரியும் ஓசையையே கேட்டபடி நடந்தாள். அந்த ஓசைக்குள் இன்னொன்று இருந்தது. ஆணி அடித்த பூட்ஸ் செங்கல்லை உரசும் ஓசை. அவள் தலைக்கு அந்தப் பக்கம். பலகையும் அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும். கால் நின்றால் க்ளைவ் போய்விடுவான்.

"லோர்னா," உள்ளிருந்து அவன் குரல் மெலிந்து வந்தது. "கூட யாரு?"

"யாருமில்ல. நான்தான்."

"பொய் சொல்லாத. ஒருத்தி மிதிச்சா இவ்ளோ வேகம் வராது."

இடது. வலது. இடது. சுரங்க வாயிலின் வெளிச்சம் தட்டளவுக்கு வளர்ந்தது. வாயிலில் தொங்கும் கொடிகள் தெரிந்தன. மழை பெய்வது கேட்டது. கரையில் ஒருத்தி நாயோடு போய்க்கொண்டிருந்தாள்.

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!" என்று லோர்னா கத்தினாள். நாயோடு போனவள் நின்று திரும்பினாள்.

லோர்னாவுக்கு அழுகை வந்தது. "ரொம்ப நன்றிங்க," என்றாள் தலைக்கு அந்தப் பக்கம் நடந்த கால்களிடம், திரும்பாமலே, வெறும் பழக்கத்தில். "இனி நான் பாத்துக்கறேன்."

அந்தக் கால்கள் நின்றன.

பிறகு மறுபடி உரசின. பின்னோக்கி.

லோர்னா சுவரை மிதித்தாள். இரண்டு குதிகாலையும் ஊன்றி மிதித்தாள். வாயிலின் கொடிகள் தள்ளித் தள்ளிப் போயின. மழை கேட்கவில்லை.

"க்ளைவ். எழுந்து வா. க்ளைவ்."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

முன்விளக்கின் ஒளியில், அவள் பக்கத்துச் சுவரிலேயே, அவள் கால்களுக்கு இருபுறமும் நனைந்த பூட்ஸ்கள் வரிசையாக ஊன்றியிருந்தன. நிதானமாக உள்ளே நடந்தன. கடைசி ஜோடிக்கு பூட்ஸ் இல்லை. க்ளைவின் சாம்பல் நிறக் காலுறைகள், இன்னும் ஈரம்படாமல், மற்றவற்றோடு தாளம் தப்பாமல் நடந்துகொண்டிருந்தன.