கலெக்டரின் வலது பின்மடி

“பொழுது சாயறதுக்குள்ள, தனக்கு நோயக் குடுத்தது யாருன்னு என்ற கலெக்டரு நடுத்தெருவுல காட்டிக் குடுக்கும். காட்டலைன்னா என்ற மீசைய வழிச்சு அதுக்கே தீவனமாப் போட்டர்றேன்” என்றார் பொங்கியண்ணன்.

தெரு சிரித்தது. கலெக்டர் என்பது அவருடைய செவலைக் கறவை. அது நடந்து வந்தால் தெருவே ஒதுங்கி நிற்கும் என்பதால் வந்த பெயர். பொங்கியண்ணன் மலைவழிப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாட்டிலேயே கடைசிக் காகித டிக்கெட்டைக் கிழித்தது தன் கைதான் என்பார். பிரேக் பிடிக்காத வண்டியை வெறும் விசிலாலேயே கொண்டை ஊசி வளைவில் நிறுத்தியவர், வழிமறித்த யானைக்கு ‘லக்கேஜ்’ டிக்கெட் கொடுத்தவர். எல்லாம் அவர் சொன்னதுதான். யானையை யாரும் விசாரிக்கவில்லை.

மாடு பேசுவது மட்டும் 2071இல் அதிசயமில்லை. நொய்யல் கரைப் பால்குழாய்த் தெருவில் விடிந்தால் எல்லா மாடும் பேசும். மடியின் நான்கு பகுதியிலும் அரிசியளவு சென்சார் ஒன்று புதைந்திருக்கும். மடிமணி என்பார்கள். அது பாலில் நீந்தும் நுண்ணுயிர்களை மோப்பம் பிடித்து வாசல் பெட்டிக்குச் சொல்ல, பெட்டி தெருவுக்கே சொல்லும். ‘இடது முன்மடி, தூய்மை. வலது முன்மடி, தூய்மை.’ பல் விளக்கிக்கொண்டே எல்லோரும் காது கொடுப்பார்கள். நான்கும் தூய்மை என்றால்தான் அந்த வீட்டுக் குழாய் திறந்து பால் தெருத் தொட்டிக்குப் போகும்.

இரண்டு வாரமாகக் கலெக்டரின் பெட்டி நான்காவதில் இடறிக்கொண்டிருந்தது. ‘வலது பின்மடி, பொற்கொத்துக் கோளம். வகை எழுபத்தொன்று.’ ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று பாட்டன் காலத்தில் சொன்ன கிருமி. சாணித் தரையிலிருந்து ஏறும் ஈ.கோலை என்றால் கொட்டிலைக் கழுவிக் காயவிட்டால் தீர்ந்தது. இது அப்படியில்லை. மடியிலிருந்து மடிக்குத் தாவும், செல்லுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளும். வெளியே வீக்கம் கிடையாது, சூடு கிடையாது, பாலில் ஒரு திரி கிடையாது. மாடு நன்றாகத் தின்னும், அசைபோடும். உள்ளே மட்டும் வெள்ளையணுக்கள் பெருகி, பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மறை மடிநோய். அதைக் கொல்லும் மருந்துகள் எல்லாம் அதனிடமே தோற்று நாற்பது வருடமாயிற்று.

மருந்து இல்லாத இடத்தில் சட்டம் வந்து உட்கார்ந்தது. மாட்டு நோய்களைக் கவனிக்கும் மடிக்காப்பகம் மூன்று முறை அழைக்கும். முதல் அழைப்பு, எச்சரிக்கை. இரண்டாவது, ஆய்வு. மூன்றாவது அழைப்பில் ஆளில்லா வண்டி வந்து மாட்டை ஏற்றிப்போய் விலக்குக் கொட்டிலில் விட்டுவிடும். அங்கே தீவனம் உண்டு, நிழல் உண்டு. கன்று கிடையாது, கறவை கிடையாது, திரும்பி வருவதும் கிடையாது. பக்கத்து மூன்று தெருவிலிருந்து ஏழு மாடுகள் அப்படிப் போயின. ஏழுக்கும் அதே எழுபத்தொன்று. ஒன்றின் தண்ணீரை மற்றொன்று குடித்ததில்லை. எப்படிப் பரவியது என்று மடிக்காப்பகத்தின் பெரிய கணினிக்கே புரியவில்லை. கலெக்டருக்கு இரண்டு அழைப்பு முடிந்திருந்தது.

மூன்றாம் அழைப்பைத் தீர்மானிக்கும் ஆய்வுக்கு நறுமுகை வந்து இறங்கினாள். மூன்று வருடமாக இந்த வட்டாரத்தின் மடி ஆய்வாளர். சிரிக்க நேரமில்லாத பெண்.

“ஏனுங்க, மாடு ஆளக் காட்டப் போவுதாமா?”

“ஆமாங் அம்மணி. நேத்து ராத்திரியே என்ற காதுல சொல்லிருச்சு. ஊரறியச் சொல்லணுமேன்னு காத்துட்டு இருக்குது.”

“காரணத்தக் கணினி தேடிட்டுத்தானுங்க இருக்குது. மாடு, குழாய், ஈ, தீவனம், தரை, அத்தனையும் பாத்தாச்சு. நீங்க யானைக்கு டிக்கெட் கிழிச்ச கதைய எல்லாம் ஆய்வுல சேத்த முடியாதுங்க.”

“லக்கேஜ் டிக்கெட்” என்று திருத்தினார் பொங்கியண்ணன்.

அவள் கை கழுவினாள். கிருமிநீரில் முழங்கை வரை, இரண்டு நிமிடம், நகக்கண்ணெல்லாம் தேய்த்து. அப்படிக் கழுவுவதைப் பார்த்தால் நோய்க்கே வெட்கமாக இருக்கும். பிறகு கையுறைக் கட்டை எடுத்தாள். வெங்காயச் சருகு போன்ற கையுறைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. நறுமுகை கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒன்றைத் தள்ளி உரித்தாள்.

“ஹோல்டான், ஹோல்டான்!” என்று வண்டியை நிறுத்தும் குரலில் பொங்கியண்ணன் போட்ட சத்தத்தில் கலெக்டரே ஒரு அடி பின்னுக்குப் போனது.

“என்னாச்சுங்க?”

“அந்த விரலுங் அம்மணி. முப்பத்தொரு வருசம் அதே விரல நானும் நாக்குல தொட்டவன். ஒரு கோடி டிக்கெட் கிழிச்சிருப்பேன்.” கோடி என்பது கொஞ்சம் கூடுதல்தான். “ஒட்டுன தாளப் பாத்தா மூளையக் கேக்காம விரல் நாக்குக்குப் போயிரும். போன மாசம் மணி சரிபாக்க வந்தப்பவும் தொட்டீங்க. ரெண்டாவது அழைப்புக்கு வந்தப்பவும் தொட்டீங்க. எச்சி பட்ட பக்கந்தானுங்களே அப்புறம் காம்பப் புடிக்குது?”

நறுமுகை சிரிக்கப் பார்த்தாள். “நான் நாக்குல தொட்டனா? சும்மா புளுகாதீங்க. ரெண்டு நிமிசம் கை கழுவறனுங்க நான்.”

“கழுவறீங்க. அப்புறந்தான் தொடறீங்க. அந்த மணிச்செவிய விரலுக்குக் காட்டுங்க. இல்லைன்னா என்ற மீசை.”

மணிச்செவி என்பது அவள் தோளில் தொங்கிய சோதனைக் கருவி. ஆளின் வாயை அடைக்க வேறு வழியில்லை என்று அவள் கட்டைவிரலை அதன் கண்ணில் வைத்தாள். கருவி ஒரு கணம் யோசித்தது. அதன் பட்டியலில் மாடு உண்டு, ஈ உண்டு, குழாய் உண்டு. மனிதர் என்று ஒரு கட்டமே யாரும் போட்டு வைக்கவில்லை. இருந்ததில் பொருத்தமான கலெக்டரின் மடியாகவே அந்த விரலைப் பதிந்துகொண்டு அது தெருவே கேட்கச் சொன்னது:

“பொற்கொத்துக் கோளம். வகை எழுபத்தொன்று, எச்சில் ஈரத்தில். கலெக்டர், வலது பின்மடி. மூன்றாம் அழைப்பு.”

இம்முறை தெரு சிரிக்கவில்லை.

மூன்றாம் அழைப்பை ரத்துசெய்ய ஆய்வாளருக்கும் அதிகாரமில்லை. விலக்குக் கொட்டில் அலுவலகத்துக்கு நேரில் போனால்தான் உண்டு. ஆளில்லா வண்டி வந்தது. கலெக்டரைக் கடந்து போய், விரலுக்கு உரியவள் முன்னால் நின்று, பலகையை இறக்கி, “ஹை, ஹை” என்று பதமாகக் கூப்பிட்டது. ஒரு பிடி பசுந்தீவனத்தையும் நீட்டியது. கலெக்டர் எட்டி அதைத் தின்றுவிட்டது. நறுமுகை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தானாகவே பலகையில் ஏறிப் போனாள்.

மாலை நான்கு மணிக்கு நடந்தே திரும்பினாள். தலைமுடியில் இரண்டு வைக்கோல் துரும்பு இருந்தது. இதற்குள் பொங்கியண்ணன் கதையைத் தெருக்கோடி வரை கொண்டு போயிருந்தார். வண்டி அவளுக்கு மூக்கணாங்கயிறு போட்டதாகவும், அவள் ‘அம்மா’ என்று கத்தியதாகவும் அது வளர்ந்திருந்தது.

“அழைப்ப ரத்து பண்ணியாச்சுங்க” என்றாள். “காரணம் தெரிஞ்சா விலக்க வேண்டாம்னு சட்டத்துலயே இருக்குது. அந்த ஒரு காம்ப மட்டும் வத்த உட்டுருங்க. மத்த மூணுலயும் தாராளமாக் கறக்கலாம்.”

பொங்கியண்ணன் கலெக்டரின் முதுகைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். “சொன்னனுங்களா? மாடே காட்டிக் குடுத்துச்சா இல்லையா? ஊர்ல நம்ப மாட்டேங்கறாங்க. நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க.”

அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கொட்டில்ல அந்த ஏழும் நின்னுட்டு இருந்துதுங்க. மூணு வருசமா மாசந்தவறாம அதுகளத் தொட்டுப் பாத்தவளில்லீங்களா, என்ற சத்தங் கேட்டதும் எந்திரிச்சு வேலிகிட்ட வந்துச்சுங்க. ஒண்ணோட கன்னு இன்னும் இங்க மூணாந்தெருவுல நிக்குது.”

ஏழு என்பதை எழுபதாக்கத்தான் பொங்கியண்ணன் வாயெடுத்தார். பிறகு மீசையை மட்டும் தடவிக்கொண்டார்.

வாசல்களில் நின்றவர்களைப் பார்த்து நறுமுகை குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

“இவுரு சொன்னது அத்தனையும் நடந்ததுதானுங்க. மாடு காட்டுனது என்னையத்தான். அந்த ஏழுக்கும் நான்தான்.”