பதினேழு மில்லிமீற்றர்

காலை ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். பிளேன்டீ ஊற்றினான், ஒரு கோப்பை. சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றினான். பிறகு கட்டிலின் இடப்பக்கத்தைத் துடைத்தான்.

மூன்றாவது நாளாக அந்தப் பக்கம் நனைந்திருந்தது. தண்ணீர் அல்ல. விரலில் எடுத்தால் நூலாக இழுபடும், குளிர்ந்த, நிறமில்லாத கொழகொழப்பு. ஸ்கான் அறையில் தாதி நீளமான தண்டுக்கு உறை மாட்டி, அதன்மேல் பிதுக்கிய ஜெல்தான் அது என்று வரதராசாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஜெல்லுக்கு மணம் இருக்கவில்லை. இதில் மீன் கழுவிய நீரும் டெட்டோலும் கலந்த மணம் இருந்தது. கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் தேநீருக்குள் அது வந்தது.

மனைவி அருந்ததியின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்து நான்கு நாள்.

ஸ்கான் படத்தை விளக்கின் பக்கத்தில் சாய்த்து வைத்தது அவள்தான். அதில் பிள்ளையின் முகம் இல்லை. சாம்பல் நிறத்தில் கர்ப்பப்பையின் வாய், இரண்டு சிலுவைக் குறிகள், நடுவே புள்ளிக்கோடு.

"வாய் கட்டையாகிட்டு வருது," என்றிருந்தார் அன்று ஸ்கான் அறையில் டொக்டர் பஹ்மியா. "இருபத்தஞ்சு மில்லிமீற்றருக்கு மேல ஈக்கணும். இது பதினேழு. செவ்வாய்க்கிழமை திரும்ப அளக்கணும், கட்டாயம் வாங்க. இன்னும் குறைஞ்சா தையல் போட்டு நிப்பாட்டலாம். பிந்தினா புள்ள தங்காது."

வரதராசா கட்டட வரைபடம் கீறுபவன். மில்லிமீற்றர் அவனுக்குப் புரியும். முந்தாநாள் உருக்கு அடிமட்டத்தை எடுத்து, இரண்டு குறிகளின் இடைவெளியைப் படத்தின் ஓர அளவுக்கோடுகளோடு ஒப்பிட்டான். பன்னிரண்டு. நேற்று ஆறு. சூடு பட்டால் கறுக்கும் கடதாசி, விளக்கின் வேலை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். கறுக்கலாம். குறிகள் நகரக் கூடாது.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு இரத்தினம்மா, கையில் சட்டியோடு.

"தம்பி, மேல கஞ்சி வடிக்கிறீரோ, பசை காய்ச்சிறீரோ? சீலிங்கால ஒழுகி என்ர சொதிக்குள்ள விழுது. நாத்தம் தாங்கேலாது."

சட்டிக்குள் பார்த்தான். மஞ்சள் சொதியின் மேல் அது கலக்காமல் மிதந்தது. அதற்குள் ஒரு மெல்லிய சிவப்பு இழை.

"துடைக்கிறன் அன்ரி."

"வீட்டில இருக்கிற ஆக்களின்ர பொலிஸ் பதிவுத் தாளையும் திரும்ப நிரப்பித் தாரும். இனி நீர் ஒராள்தானே."

அவள் இறங்கிப் போனாள்.

பழைய தாளிலும் அவன் ஒராள்தான். அருந்ததி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்போது இரண்டு மாதம். நாளைக்கு, நாளைக்கு என்று அவள் பெயரைப் பதியாமலே விட்டிருந்தான். திரும்ப அளக்கப் போகவேண்டிய அந்தச் செவ்வாய் ஒழுங்கை முகப்பில் ஆமிச் சோதனை. பதியாத ஆளைக் கண்டால் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவன் பயந்தான். பயம் என்று சொல்லவில்லை. "இண்டைக்கு அட்டமி, நல்ல காரியத்துக்கு ஆகாது, வியாழன் போவம்," என்றான். அவள் போட்ட செருப்பைக் கழற்றினாள்.

புதன் பின்னேரம் பனிக்குடம் உடைந்தது.

கடற்கரை ரயில் போனது. ஸ்கான் படம் அதிர்ந்து முகம் குப்புற விழுந்தது. எடுத்தான். பின்பக்கம் ஈரம். குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. கோடு இல்லை.

பூச்சியம்.

பின்னால் கட்டில் முனகியது. துடைத்த பக்கம் மறுபடி ஊறியது. விரிப்பு உள்ளே இழுபட்டது. சுருங்கியது. ஒரு வட்டம். சாம்பல் நிற விளிம்பு, சளி நூல்கள். விரிந்தது. மணம். அதற்குள்ளிருந்து ஏதோ முட்டியது. மயிர் ஒட்டிய, கைமுட்டியளவு உச்சி.

அடிமட்டம் அவன் கையில் இருந்தது.

அது சத்தம் போடவில்லை. இப்போது அவனுக்குக் கேட்டது அந்தப் புதன்கிழமைக் குரல். ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டோவின் றெக்சின் இருக்கை இரத்தத்தில் வழுக்க, அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, அருந்ததி கடைசியாகச் சொன்னது:

"நேற்று அட்டமி இல்லையப்பா. நான் கலண்டர் பாத்தனான்."