சாக மறுத்த கிருமி

அன்றைக்கும் தனுஷிகா செத்து விழுந்தாள். விழுந்த இடத்தில் சிமெண்டுத் தரை முழங்கையைச் சிராய்த்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. அங்கே சுகாதார தினத்துக்காக ஜெயந்தினி டீச்சர் ஒரு நாடகம் எழுதியிருந்தார். மேடையில் ஒரு பெரிய வயிறு வரைந்திருக்கும். அதற்குள் கிருமிகள் ஆடும். சவர்க்காரம், அதாவது சோப்பு, வந்து எல்லாவற்றையும் அடித்துக் கொல்லும். சவர்க்காரம் எப்படி வயிற்றுக்குள் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கறுப்புச் சட்டை வைத்திருந்த பிள்ளைகள் எல்லாரும் கிருமிகள். தனுஷிகாவிடம் கறுப்புச் சட்டை இருந்தது. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

சவர்க்காரம் ஆனவன் ஷிஹாப். அவனுடைய வாப்பா தன் கடையிலிருந்து பெரிய சவர்க்காரப் பெட்டி ஒன்றைக் கொடுத்திருந்தார். அதை உடம்பில் மாட்டிக்கொண்டு, அட்டை வாளோடு ஓடி வருவான். மெதுவாக அடிப்பது என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது.

ஆனால் தனுஷிகாவின் கோபம் முழங்கைக்காக இல்லை. தம்பிக்காக.

தம்பி கஜேந்திரனுக்கு ஐந்து வயது. போன மாதம் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். மருந்து காய்ச்சலைத் துரத்திவிட்டது. ஆனால் அதன் பிறகு வயிறு சரியாகவே இல்லை. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேடும்படி மெலிந்து போனான்.

டாக்டரம்மா அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார். நம் குடலுக்குள் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றனவாம். சாப்பாடு செரிக்க அவை உதவுமாம். கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காதாம். கெட்டதைக் கொல்லப் போன மருந்து நல்லதிலும் கொஞ்சத்தைக் கொன்றுவிட்டதாம். தயிரிலும் நல்ல கிருமிகள் உண்டு, தினமும் கொஞ்சம் தயிர்ச் சோறு கொடுங்கள் என்றார்.

அந்தக் கிருமிக்குப் பெயர் உண்டா என்று தனுஷிகா கேட்டாள். ஒன்றின் பெயர் லக்டோபசிலஸ் என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை தனுஷிகா அதையே முணுமுணுத்தபடி வந்தாள்.

மலைக் குளிரில் தயிர் லேசில் உறையாது. கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்போடு, அம்மா தயிர்ச் சட்டியைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைப்பாள். கஜேந்திரனும் தயிர்ச் சோறு சாப்பிட்டான். கன்னம் கொஞ்சம் தெரிய ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நாடக ஒத்திகை வந்து தொலைந்தது. பாலர் வகுப்பு பக்கத்து அறைதான். கஜேந்திரன் தினமும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஒத்திகை பார்த்தான். ஒரு நாள் மாலை கிண்ணத்தைத் தள்ளிவிட்டான்.

"தயிர்ல கிருமி இருக்காக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு. ஆனா நல்ல கிருமிடா."

"கிருமி எல்லாமே சாகணும்னு டீச்சரே சொல்றாங்க."

அதோடு வாயை இறுக மூடிக்கொண்டான். அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் அழுதாள். மறுநாளும் அதே கதைதான். அவன் கன்னம் மறுபடி காணாமல் போனது.

தனுஷிகா நேராக ஜெயந்தினி டீச்சரிடம் போனாள். டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். நாடகத்தில் ஒரே ஒரு நல்ல கிருமி வேண்டும் என்று கேட்டாள்.

"கை கழுவுற நாடகத்துல நல்ல கிருமி எதுக்கும்மா? பார்க்கிறவங்க குழம்பிடுவாங்க. நீ போய் ஒழுங்கா விழுந்து பழகு" என்றார் டீச்சர்.

விழுந்து பழக வேண்டுமாம். அங்கே ஒரு பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறது. அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது.

சுகாதார தினம் வந்தது. அம்மா கஜேந்திரனை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். மேடையில் கிருமிகள் ஆடின. ஷிஹாப் பாய்ந்து வந்தான். வாள் பட்ட கிருமிகள் எல்லாம் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

தனுஷிகா விழவில்லை.

ஷிஹாப் மறுபடி அடித்தான். அவள் அசையாமல் நின்றாள். "விழுடி, விழு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். மூன்றாவது அடியில் அட்டை வாள் இரண்டாக மடிந்து தொங்கியது. கூட்டம் சிரித்தது. டீச்சர் திரை ஓரத்திலிருந்து கண்ணை உருட்டினார்.

ஷிஹாப் மடிந்த வாளைப் பார்த்தான். தனுஷிகாவின் கண்களில் நீர் முட்டி நிற்பதையும் பார்த்தான். அவள் இதுவரை அழுது அவன் பார்த்ததில்லை. அவன் வாளைக் கீழே இறக்கினான்.

"எல்லாரும் செத்துட்டாங்க. நீ மட்டும் ஏன் சாகல? நீ யாரு?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான். அந்த வசனம் நாடகத்தில் இல்லை.

"நான் லக்டோபசிலஸ்" என்றாள் தனுஷிகா. குரல் உரக்க வந்தது. "தயிர்ல இருக்கிற நல்ல கிருமி. என் ஆளுங்க குடல்லயும் குடியிருக்காங்க. எல்லாரும் கையக் கழுவுங்க, அழுக்குக் கிருமி போகட்டும். நாங்க போகமாட்டோம். சோறு செரிக்க உழைக்கிறதே நாங்கதான். இது எங்க வீடு. நாங்க ஏன் போகணும்?"

பிறகு பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அதன்பின் எல்லாரும் தட்டினார்கள். ஷிஹாப் சவர்க்காரப் பெட்டியோடு கஷ்டப்பட்டுக் குனிந்து, கிருமிக்குக் கைகொடுத்தான்.

நாடகம் முடிந்ததும் டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டார். யாரைக் கேட்டு வசனத்தை மாற்றினாய் என்றார்.

"உங்களத்தான் கேட்டேன் டீச்சர். நீங்கதான் வேணாம்னீங்க."

டீச்சர் அந்தக் கிருமியின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். தனுஷிகா சொன்னாள். அப்போதும் அவள் சிரிக்கவில்லை.

அன்று மாலை அம்மா கம்பளியைப் பிரித்துத் தயிர்ச் சட்டியை வெளியே எடுத்தாள். தனுஷிகா சோறு பிசைந்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை. அவள் பிசைந்த வேகத்தில் சோறு கூழாகிவிட்டது.

கஜேந்திரன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான். "இதுக்குள்ள நீ இருக்கியாக்கா?"

"என்னை மாதிரி நிறையப் பேரு இருக்காங்க."

"வயித்துக்குள்ள போயும் சண்டை போடுவாங்களா?"

"போடுவாங்க."

"உன்னை மாதிரி கோவமாவா?"

"என்னைவிடக் கோவமா."

கஜேந்திரன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு வாயை அகலமாகத் திறந்தான்.